ஈர்க்குச்சியின் நூற்று எண்பது பவுண்டு

...இன்னும் ஏழு வாய்தான், எண்ணிப் பார்த்துவிட்டான், ஏழு வாய் வாழைக்காய் மசியல், பொரித்த முட்டையில் பாதி, சலாமி இறைச்சியில் இரண்டு வட்டம், பாலாடைக்கட்டி ஒரு துண்டு, இவ்வளவும் உள்ளே இறங்கிவிட்டால் இன்றைய முதல் சாப்பாடு ஒழிந்தது, மிச்சம் ஐந்து வேளை இருக்கிறது, ஆனால் அதையெல்லாம் இப்போது நினைக்கக் கூடாது, நினைத்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும், தட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு மெல்ல வேண்டும், இது எஸ்மெர்லின் தானாகக் கண்டுபிடித்த வித்தை, பேஸ்பால் கிளப்காரர்கள் கொடுத்த சாப்பாட்டுத் தாளில் இல்லாதது. இன்று சனிக்கிழமை, எடை பார்க்கும் நாள், அதுவும் கெடு முடியும் கடைசிச் சனிக்கிழமை. நூற்று எண்பது பவுண்டு காட்ட வேண்டும். போன வாரம் நூற்று எழுபத்தெட்டு. வெறும் வயிற்றோடுதான் தராசில் ஏற வேண்டும் என்று தாளில் எங்கேயாவது எழுதியிருக்கிறதா? இல்லை, இரண்டு தடவை படித்தாகிவிட்டது, அப்புறம் என்ன, இன்னொரு வாய்... "இன்னும் கொஞ்சம் வைக்கட்டாடா?" என்று அம்மா செனெய்தா கேட்டாள், கேள்வி மாதிரிதான் இருந்தது, ஆனால் கரண்டி அதற்குள் தட்டுக்கு மேலே வந்துவிட்டது. "போதும்மா, மூச்சு முட்டுது." "ஃப்ளோரிடால எவ உனக்கு இப்படி ஆக்கிப் போடப்போறா? பேசாம தின்னு." ஏழு வாய் பன்னிரண்டு வாயாகிவிட்டது, பரவாயில்லை, பன்னிரண்டும் அவனுடையதுதான், தின்று காட்டுவான்.

தின்று காட்டுவேன் என்றுதான் செப்டம்பரிலும் சொன்னான், வாய்விட்டுச் சொல்லவில்லை, மனசுக்குள். கோடைப் போட்டிகள் முடிந்து பையை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார், சுவரில் ஒரு அட்டவணை, அதில் அவன் பெயருக்கு எதிரே நூற்று அறுபது. "கை தங்கமான கை. கால் அதவிட. ஆனா பந்து உன் மட்டைல பட்டா பூனை தும்முன மாதிரி சத்தம் வருது தம்பி." அறையில் இருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான், ஏன் சிரித்தான்? சிரிக்காவிட்டால் கோபம் தெரிந்துவிடும். "சீசன் இல்லாத இந்த நாலு மாசத்துல இருபது பவுண்டு ஏத்திட்டு வா. ஏத்தலன்னா ஃப்ளோரிடா முகாமுக்கு ஷார்ட்ஸ்டாப்பா வேற பையன் போவான்." வேற பையன் யார் என்று கேட்கத் தேவையில்லை, அசுவா ஊரிலிருந்து வந்தவன், பதினேழு வயது, இப்போதே கதவு அகலத்துக்கு இருக்கிறான், ஆனால் அவனால் குனிந்து பந்தெடுக்க முடியுமா? இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே அவ்வளவு பெரிய இடத்தை ஒற்றை ஆளாகக் காக்க முடியுமா? ஷார்ட்ஸ்டாப் என்றால் சும்மாவா, மற்றவர்கள் எல்லாம் ஓடுகிறவன் தொட வேண்டிய பேஸைக் காக்கிறார்கள், ஷார்ட்ஸ்டாப் காற்றைக் காக்கிறான். எஸ்மெர்லினுக்குப் பத்தொன்பது வயது, இந்தத் தொழிலில் அது சின்ன வயதில்லை, அதுவும் அவனுக்குத் தெரியும், தெரிந்துதான் பஸ்ஸில் ஏறினான், சொந்த ஊர் நாகுவா வரும் வரைக்கும் ஒரு நிமிடம்கூட பயம் வரவில்லை, ஏற்றிவிடுவேன் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தது.

பசி தெரிந்தவனுக்கா சாப்பாடு கஷ்டம்? எட்டு வயதில் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிறு நிறைந்துவிட்டது என்று பள்ளிக்கூடத்துக்கு ஓடியவன், கிளப் விடுதியில் முதல் நாள் ஐந்து தட்டுச் சோறு தின்றதைப் பார்த்து சமையல்காரியே வாய் பிளந்து நின்றாள், அப்பேர்ப்பட்டவனுக்குச் சாப்பாடு ஒரு வேலையாகிவிடும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பானா? காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஓட்ஸ் பாலும் சத்துப் பவுடரும், மத்தியானம் தேங்காய்ப் பாலில் கொதித்த மீனும் சோறும் அவரையும், நாலு மணிக்கு வேர்க்கடலை, இருட்டும்போது கோழி, படுக்கப்போகும் முன்னால் மறுபடியும் பால்... நவம்பரில் ஒரு நாள் வீட்டுக்குப் பின்னால் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான். மீன் சந்தையில் நாள் முழுக்க நின்று செதில் சீவுகிற அம்மாவின் சம்பாத்தியம் மண்ணில் கிடந்தது, அவமானத்தில் கண்ணீர் வந்துவிட்டது. அக்கா தாரிபெல் பார்த்துவிட்டாள், காலால் மண்ணைத் தள்ளி மூடினாள், பிறகு உள்ளே போய், "மா, இவனுக்கு இன்னொரு தட்டு போடு, ஈர்க்குச்சிக்கு இன்னும் பசிக்குதாம்" என்று அவன் ஒல்லி உடம்புக்கு ஊர் வைத்த பட்டப்பெயரைச் சொல்லிச் சத்தம் போட்டாள். அவன் அந்தத் தட்டையும் தின்றான். அன்றிலிருந்து இன்று வரை ஒரு பருக்கை வெளியே வந்ததில்லை.

தெருவுக்கே தெரியும் இன்று கடைசி நாள் என்று. மளிகைக் கடை வாசலில் டாமினோ ஆடுகிறவர்கள் கட்டையை மேசையில் அறைவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், "ஏய் ஈர்க்குச்சி, சட்டை யாரோ சின்னப் பையனோடதா, தெறிக்கப் போவுது பாரு," "இவனப் போயி ஈர்க்குச்சின்னு கூப்டுறியே, தென்னமரம்னு கூப்டு," எஸ்மெர்லின் கையை ஆட்டினான், நடை மாறியிருக்கிறது, அவனுக்கே தெரிகிறது, தொடை ஒன்றோடொன்று உரசுகிறது, முன்பெல்லாம் இந்தத் தெருவில் ஓடினால் நாய்கூடத் தலை தூக்காது, இப்போது தரை அவனைக் கவனிக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு ஆள் வருகிறான் என்று தரைக்குத் தெரிய வேண்டாமா? வாராவாரம் எடை பார்க்கும் அரிசி ஆலையில், ஆலைக்காரர் எலிஹியோ தராசு மேலிருந்த மூட்டைகளை இறக்கிவைத்தார், "ஷூவக் கழட்டு, ஏமாத்தாத." "அண்ணே, நான் எப்பண்ணே ஏமாத்தியிருக்கேன்?" "போன மாசம் பாக்கெட்ல பந்து வச்சிருந்தியே, மறந்துட்டியா." தாரிபெல் படமெடுக்கச் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கெக்கெக்கென்று சிரித்தாள். ஏறினான். முள் ஆடியது, நூற்று எழுபத்தாறு, நூற்று எண்பத்தைந்து, மறுபடி இறங்கியது... மூச்சை உள்ளே இழுத்தால் எடை கூடுமா, விட்டால் கூடுமா? யாருக்குத் தெரியும், இழுத்தே வைத்திருந்தான். முள் நின்றது. "நூத்தி எண்பத்தொண்ணு!" என்று எலிஹியோ கத்திய கத்தலில் ஆலைக்குள்ளிருந்து இரண்டு பேர் வெளியே ஓடி வந்தார்கள். படம் போய்விட்டது, கிளப்புக்கு, ஒரு நொடியில், நாலு மாதச் சாப்பாடு ஒரு நொடியில் போய்விட்டது. குதித்து இறங்கி ஷூவை மாட்டிக்கொண்டான்.

இனி என்ன, ஃப்ளோரிடாதான், ஷார்ட்ஸ்டாப்தான், அசுவாக்காரப் பையன் காத்திருக்கட்டும்... "இன்னிக்கு லீவு விடுவியா?" என்று தாரிபெல் கேட்டதற்கு, "யாருக்கு லீவு? வா, பந்தடி" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு நடந்தான். வழியெல்லாம் ஒரே நினைப்பு, மட்டையின் நினைப்பு. இந்த நாலு மாதமும் சிமெண்ட் நிரப்பிய பெயின்ட் டப்பாக்களைக் குழாயின் இரண்டு பக்கமும் மாட்டித் தூக்கினான், லாரி டயரைக் கயிற்றில் கட்டி மணலில் இழுத்தான், தொங்கவிட்ட டயரை நாளைக்கு முந்நூறு தடவை அடித்தான், அதெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால் போன செவ்வாய்க்கிழமையைக் காட்டலாம், அன்று பந்து மட்டையில் பட்டது, கையில் ஒரு அதிர்வும் இல்லை, ஒன்றுமே படாத மாதிரி இருந்தது, நிமிர்ந்து பார்த்தால் பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டிக் கல்லறைத் தோட்டத்துக்குள் விழுகிறது. அதற்கு முன் வாழ்நாளில் அவன் அடித்த பந்து சுவரைத் தாண்டியதே இல்லை. பூனை தும்மலாம், மேனேஜரே, இப்போது வந்து கேளுங்கள்! அன்று மைதானத்தில் எல்லாரும் அவன் மட்டையைத்தான் பார்த்தார்கள், இந்த மாதம் முழுக்கவே எல்லாரும் மட்டையைத்தான் பார்க்கிறார்கள், அவனும் அதைத்தான் பார்க்கிறான், பார்க்காமல் எப்படி இருப்பது.

தாரிபெல் பெண்கள் சாஃப்ட்பால் அணியில் மட்டைக்காரிக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சர், மட்டையால் தரைப் பந்து அடித்துக் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை, எங்கே அடிக்கிறேன் என்று சொல்கிறாளோ அங்கே போகும். முதல் பந்து நேராக, எடுத்தான். இரண்டாவது இடது பக்கம், எடுத்தான். மூன்றாவது துள்ளி முகத்துக்கு வந்தது, சிரித்துக்கொண்டே எடுத்தான். கை சொன்னபடி கேட்கிறது, எறிந்தால் பந்து முதல் பேஸுக்குப் பின்னாலிருக்கும் வலையில் போய் அறைகிறது, போன வருடம் இந்தச் சத்தம் இல்லை. இருபது பந்து, ஒன்றுகூட விடவில்லை. யார் சொன்னது எடை ஏறினால் கை மெதுவாகும் என்று? யாரும் சொல்லவில்லை, அவனே கேட்டுக்கொண்டது... இருபத்தொன்றாவது பந்தை அடிக்காமல் தாரிபெல் மட்டையைத் தரையில் ஊன்றி நின்றாள். "எங்கடா நிக்கிற நீ?" "எப்பவும் நிக்கிற எடத்துலதான்." "கீழ பாரு."

கீழே பார்த்தான். இந்த மைதானத்தில் பத்து வயதிலிருந்து அவன் நின்று நின்று புல்லே முளைக்காமல் போன வட்டம் ஒன்று இருக்கிறது, ஊரில் எல்லாருக்கும் தெரியும் அது அவனுடையது என்று. அந்த வட்டம் அவன் காலுக்குக் கீழே இல்லை. இடது பக்கமாக, முன்னால், மூன்று எட்டுத் தள்ளி வெயிலில் கிடந்தது. அவன் நின்ற இடத்தில் புல் இருந்தது, மிதிபட்டு மஞ்சளாகிச் செத்துக்கொண்டிருக்கும் புல், ஒரு நாள் மிதியில் புல் இப்படி ஆகாது, இரண்டு நாளிலும் ஆகாது... எத்தனை வாரமாக? டிசம்பரிலிருந்தா? அந்த வாந்தி எடுத்த மாதத்திலிருந்தேவா? "கை பலம் ஏறியிருக்குல்ல," என்றான், "பின்னால நின்னா நெறைய எடம் கெடைக்கும், யோசிச்சுதான் நிக்கிறேன்." யோசித்தானா? "பின்னால நிக்கிற, சரி. பக்கவாட்டுல ஏன் போற? இப்படியே நகந்தா மார்ச் மாசம் மூணாவது பேஸ்ல, அதிகம் ஓட வேண்டாத தடியனுங்க நிக்கிற எடத்துல போயி நிப்ப. அப்புறம் அங்கேருந்து எங்க, கல்லறைக்கா?" அவனும் சிரித்தான், செப்டம்பரில் சிரித்த அதே சிரிப்பு, அது அவனுக்கே கேட்டது.

விறுவிறுவென்று பழைய வட்டத்துக்குப் போய்க் குனிந்தான். "இப்ப அடி. வலது பக்கம், தூரமா." அடித்தாள். கால் புறப்பட்டது, நன்றாகவே புறப்பட்டது, கையைக் குறுக்கே நீட்டினான், பந்து கிளவுஸின் நுனியை ஒரு விரல் அகலத்தில் தாண்டிப் புல்லுக்குள் ஓடியது. "இன்னொண்ணு." இதை எடுத்தான், விழுந்து புரண்டு எடுத்தான், எழுந்திருக்க ஒரு நொடி கூடுதலாக ஆனது. "இன்னொண்ணு." போய்விட்டது. முட்டியில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான். பயமாக இல்லை, அதுதான் ஆச்சரியம், பலமாகத்தான் இருக்கிறான், முன்பு எப்போதும் இல்லாத பலம், தோளில் இருக்கிறது, தொடையில் இருக்கிறது, சுவரைத் தாண்டும் பந்து இந்த உடம்பிலிருந்துதான் வந்தது, அந்தப் பந்தைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றால் கொடுப்பானா? மாட்டான். அப்படியானால் இது என்ன, அவன் நூற்று எண்பதை எண்ணிக்கொண்டிருந்த நாலு மாதமும் இந்தக் கால்கள் அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கள் வேகத்துக்கு ஏற்ற இடம் தேடிக்கொண்டிருந்தனவே, அவற்றுக்கு யார் சொன்னது? ஷார்ட்ஸ்டாப்பாகப் போவதற்குத்தானே இவ்வளவும் தின்றது...

"டேய், கை வலிக்குது, அங்கயா இங்கயா, சொல்லித் தொல" என்று தாரிபெல் பந்தை உள்ளங்கையில் தூக்கிப் போட்டுப் பிடித்துக்கொண்டு கத்தினாள். சட்டென்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். பிறகு ஷார்ட்ஸ்டாப்பின் புல்லில்லாத வட்டத்தையும், கால்கள் தேடிக்கொண்ட மஞ்சள் புல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.