வலது பக்கம் போகும் தட்டு

திருப்பதியில் நேராகப் போகிற தட்டு, சித்தூருக்கு வந்தால் வலது பக்கம் திரும்பிவிடுகிறது. ஏன் என்று அலர்மேல்மங்கைக்குத் தெரியவில்லை. அதே பித்தளைத் தட்டு, அதே கால்கள், அதே பாட்டு. ஊர் மட்டும்தான் வேறு.

அவள் திருப்பதியில் ஒரு சிறிய நடனக் கல்லூரியில் குச்சிப்புடி டிப்ளமோ கடைசி ஆண்டு படிக்கிறாள். குச்சிப்புடியில் தரங்கம் என்று ஒரு உருப்படி உண்டு. தட்டின் விளிம்பில் இரண்டு பாதங்களையும் பதித்து நிற்க வேண்டும். தலையில் தண்ணீர் நிரம்பிய சிறிய செம்பு இருக்கும். தட்டைவிட்டு இறங்காமல், தாளத்துக்கு ஏற்றபடி தட்டோடு சேர்ந்து மேடையில் முன்னேற வேண்டும்.

பார்க்கிறவர்களுக்குத் தட்டு தானாக ஊர்ந்து வருவதுபோல் இருக்கும். உண்மையில் இது பீரோ நகர்த்துகிற வேலைதான். வீட்டில் இரும்பு பீரோவைத் தனி ஆளாக நகர்த்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூக்க முடியாது. கொஞ்சம் சாய்த்து, எடை முழுவதையும் ஒரு பக்கத்துக் காலில் நிறுத்தி, மறு பக்கத்தை முன்னால் திருப்புவோம். பிறகு எடையை மாற்றி இந்தப் பக்கத்தைத் திருப்புவோம். இப்படியே பீரோவைச் சமையலறை வரைக்கும் நடக்க வைத்துவிடலாம். தட்டும் அப்படித்தான். வலது பாதத்தை அழுத்தினால் இடது விளிம்பு லேசாகிறது. இடுப்பைத் திருப்பினால் அந்த லேசான விளிம்பு முன்னால் வருகிறது. அடுத்து மறு பக்கம். இரண்டு பக்கமும் சமமாக வந்தால் தட்டு நேராகப் போகும். இடது பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக வந்துகொண்டே இருந்தால் தட்டு வலது பக்கம் வளையும்.

வளைவதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். மேடையில் ஆடுபவருக்கு வலது பக்கத்தில்தான் பாடுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் உட்கார்ந்திருப்பார்கள். சித்தூரில் நடந்த ஒரு விழாவில் அலர்மேல்மங்கையின் தட்டு சபையைப் பார்த்துக் கிளம்பி, மெல்ல வளைந்து, மிருதங்கக்காரர் தணிகைவேலின் முழங்காலில் போய் இடித்து நின்றது. செம்புத் தண்ணீர் முழுவதும் மிருதங்கத்தின்மேல் கொட்டியது.

"இன்னாம்மா இது, மேடை இம்மாம் பெருசு கீது. உனுக்கு என் மடிதான் கெடைச்சுதா?" என்றார் தணிகைவேல், துண்டால் மிருதங்கத்தைத் துடைத்துக்கொண்டே.

"நான் வர்லண்ணா. தட்டு இட்டுக்கினு வந்துச்சு."

"அப்ப அந்தத் தட்ட ரெண்டு சாத்து சாத்து. தோல்ல தண்ணி பட்டா இது மிருதங்கம் இல்லம்மா, ஊறிப்போன அப்பளம்."

அன்றைக்கு அது சிரிப்போடு போயிற்று. ஆனால் டிப்ளமோ செய்முறைத் தேர்வும் சித்தூரில்தான் நடக்கப்போகிறது. தட்டு யார்மீதாவது இடித்தாலோ கால் தரையில் பட்டாலோ தரங்கத்துக்கு மதிப்பெண் கிடையாது. தரங்கம் போனால் டிப்ளமோ போயிற்று. புத்தலப்பட்டில் ஒரு தனியார் பள்ளியில் நடன ஆசிரியர் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. ஜூன் மாதம் டிப்ளமோவோடு வந்தால் அவளுக்கு, வராவிட்டால் வேறு யாருக்காவது என்று பள்ளியில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்.

அவள் தன் ஆசிரியர் ஹேமநாத்திடம் போய் நின்றாள். அவர் தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிக்கிறவர்.

"வலது பக்கம் திரும்புனா தப்பா? ஏம்மா, கோயில்ல எந்தப் பக்கம் சுத்துவோம்? அதி பிரதட்சிணம். இதி மன காலேஜ் பாணி, நம்ம பாணி!"

"சார், பிரதட்சிணம் பண்ணா மார்க் போடுவாங்களா?"

"போன வருஷம் சீனியர்ஸ் எல்லாம் அட்லே, அப்படியேதான் ஆடுனாங்க."

"போன வருஷம் தரங்கத்துல ஃபெயில் ஆனாங்க சார்."

"அதி எக்ஸாமினருக்கு பாணி தெரியல," என்றார் ஹேமநாத், கொஞ்சமும் அசராமல்.

அவர் சொன்னதில் ஒரு உண்மை இருந்தது. இந்தக் கல்லூரியில் படித்த எல்லாருமே வெளியூர் மேடையில் வலது பக்கம்தான் போயிருக்கிறார்கள். ஒருவர் செய்தால் பிழை. எல்லாரும் செய்தால் அதற்குப் பாணி என்று பெயர் வந்துவிடுகிறது, பிறகு யாரும் அதைத் திருத்த மாட்டார்கள்.

அவளுடைய அப்பா சின்னசாமி நகரிக்குப் பக்கத்தில் கரும்பு போடுகிறவர். அவரிடம் வேறு ஒரு விளக்கம் இருந்தது.

"டிராக்டர் ஒரு பக்கமா இழுத்துக்கினு போனா இன்னா அர்த்தம்? ஒரு டயர்ல காத்து கம்மின்னு அர்த்தம். உனுக்கு ஒரு காலு கட்டை போல கீது. கெளம்பு, புத்தூருக்கு."

"நைனா, நடக்கும்போது நேராத்தானே நடக்கறேன்!"

"அது உனுக்குத் தெரியாது. பின்னாடிலேந்து பாக்கறவனுக்குத்தான் தெரியும்."

எலும்பு முறிந்தால் இந்தப் பக்கத்தில் எல்லாரும் புத்தூரில் கட்டுப் போட்டுக்கொள்ளத்தான் போவார்கள். கை தொங்க, கால் வீங்க வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவில் அலர்மேல்மங்கை குதித்துக் குதித்து நடந்துபோய் உட்கார்ந்தாள். எல்லாரும் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"எங்கம்மா ஒடைஞ்சுது?" என்று கேட்டார் கட்டுப் போடுகிறவர்.

"ஒடையலங்க. தட்டு வலது பக்கம் போவுது."

"தட்டுக்கா கட்டுப் போடணும்?"

சின்னசாமி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டு, அவளை மல்லாந்து படுக்க வைத்து, இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்துக் கணுக்கால் எலும்புகளை ஒட்டிப் பார்த்தார். பிறகு ஒரு நூலை எடுத்து இடுப்பிலிருந்து பாதம் வரை அளந்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான். போய் எதுனா துன்னுட்டு வேலையப் பாருங்க."

"வந்தது வந்துட்டோம்," என்றார் சின்னசாமி, "சின்னதா ஒரு கட்டாவது போட்டு உட்டுடுங்களேன்."

"நைனா!"

கால் இல்லை என்று ஆகிவிட்டது. மீதி இருப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம் என்றாள் யமுனா. அவள் அலர்மேல்மங்கையோடு படிப்பவள், விடுதியில் பக்கத்துப் படுக்கைக்காரி, ராமகுப்பத்துப் பெண். அவள் சொன்ன வழி எளிமையானது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடும்.

முதலில் தட்டை மாற்றினார்கள். யமுனாவின் தட்டில் ஏறி விடுதி வராந்தாவில் ஆடினாள். வலது பக்கம் போயிற்று. பிறகு ஆளை மாற்றினார்கள். அலர்மேல்மங்கையின் தட்டில் யமுனா ஏறினாள். அதுவும் வலது பக்கம் போய், காயப்போட்டிருந்த துணிகளுக்குள் நுழைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது வீட்டு டைல்ஸ் தரையில் ஆடிப் பார்த்தாள். வலது பக்கம். சின்னசாமி நாற்காலியை எடுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டார்.

இதிலிருந்து ஒரு விஷயம் புரிந்தது. சித்தூர்மீது எந்தக் குற்றமும் இல்லை. எல்லா இடத்திலும் தட்டு வலது பக்கம்தான் போகிறது. கல்லூரிக் கூடத்தில் மட்டும்தான் நேராகப் போகிறது. இத்தனை நாளும் அவர்கள் கேள்வியைத் தலைகீழாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சித்தூரில் ஏன் வளைகிறது என்று கேட்டிருக்கக் கூடாது. கல்லூரியில் ஏன் வளையவில்லை என்று கேட்டிருக்க வேண்டும்.

கேள்வி சரியாகிவிட்டது. பதில்தான் வரவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் ஹேமநாத் டீ குடிக்கப் போயிருந்தார். கூடத்தில் இவர்கள் இரண்டு பேர்தான். தட்டு போகிற விதத்தை வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம் என்று யமுனா போனைத் தூக்கினாள்.

"இந்தப் பக்கம் திரும்புடி. மூஞ்சில வெளிச்சமே இல்ல, பேய் மாதிரி கீற."

கூடத்தின் கிழக்குச் சுவரில் ஒரு பெரிய கிருஷ்ணர் படம் மாட்டியிருந்தது. அந்தக் கல்லூரியில் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்தபடிதான் ஆடுவார்கள். சாமிக்கு முதுகைக் காட்டக் கூடாது என்பது அங்கே பேசாமலே எல்லாருக்கும் தெரிந்த விதி. சன்னல்கள் மேற்கில் இருந்தன.

"சார் பாத்தா?"

"சார் பன்னு துன்னுக்கினு இருப்பாரு. சீக்கிரம் ஆடு."

அலர்மேல்மங்கை படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, முதல்முறையாக மேற்கே திரும்பித் தட்டில் ஏறினாள். இடது, வலது, இடது. தட்டு வலது பக்கம் திரும்பியது. அதுவும் சித்தூரில் போனதைப்போல் இரண்டு மடங்கு வேகத்தில். யமுனா "ஏய், ஏய்" என்று கத்துவதற்குள் அது பிளாஸ்டிக் நாற்காலி அடுக்கில் மோதியது. நாற்காலிகள் சரிந்தன, செம்பு உருண்டது, தண்ணீர் தரையில் கொட்டியது.

இரண்டு பேரும் நாற்காலிகளைப் பார்க்கவில்லை. தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது கொட்டிய இடத்தில் நிற்கவில்லை. அவசரமே இல்லாமல், வழி தெரிந்த ஆள் நடந்து போவதுபோல், வடக்குச் சுவரை நோக்கி ஓடியது. அங்கே ஸ்பீக்கர் பெட்டிக்கு அடியில் நுழைந்து காணாமல் போயிற்று. இரண்டு பேருமாகப் பெட்டியை நகர்த்தினார்கள். சுவரோரத்தில் ஒரு ஓட்டை, அதன்மேல் துருப்பிடித்த இரும்புச் சல்லடை.

"டான்ஸ் ஹால்ல எதுக்குடி தண்ணி போற ஓட்டை?" என்றாள் யமுனா.

அலர்மேல்மங்கைக்கு உடனே விளங்கிவிட்டது. கல்லூரி வாடகைக்கு இருந்த கட்டடம் ஒரு காலத்தில் கல்யாண மண்டபம். இந்தக் கூடம் அதன் சாப்பாட்டுக் கூடம். பந்தி முடிந்து இலை எடுத்ததும் தரையில் தண்ணீர் அடித்து விளக்குமாற்றால் தள்ளிவிடுவார்கள். தண்ணீர் தேங்காமல் ஓட வேண்டும் என்று தரையை வடக்குப் பக்கம் சரிவாகப் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவு. சாம்பாருக்கும் ரசத்துக்கும் வழிவிடப் போட்டது.

கிழக்கே பார்த்து நின்றால் வடக்கு இடது கைப்பக்கம். அதனால் தட்டு ஒவ்வொரு அடியிலும் கொஞ்சம் இடது பக்கம் வழுக்கும். அதைச் சரிக்கட்ட உடம்பு தானாகவே வலது பக்கம் திருப்பிக்கொடுக்கும். யாரும் சொல்லித்தரவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. வருடக்கணக்கில் பழகியபின் கால் அதை நிறுத்தாது. சமமான தரைக்கு வந்தாலும் வலது பக்கம் திருப்பிக்கொண்டேதான் இருக்கும். மேற்கே பார்த்து நின்றாலோ சரிவும் வலது பக்கம், பழக்கமும் வலது பக்கம். அதனால்தான் நாற்காலி.

"ஏமிட்டி இதி!" வாசலில் ஹேமநாத். நாற்காலிகள், தண்ணீர், நடுக் கூடத்தில் ஸ்பீக்கர்.

அலர்மேல்மங்கை செம்பில் மீண்டும் தண்ணீர் பிடித்து வந்து அவர் முன்னால் ஊற்றிக் காட்டினாள். அவர் தண்ணீரின் பின்னாலேயே குனிந்தபடி வடக்குச் சுவர் வரை நடந்துபோனார். நிமிர்ந்தபோது முகம் வாடியிருந்தது.

"அப்ப பாணி லேதா?"

"பாணி இல்ல சார். ரசம் போற வழி."

"சரே. ஆனா கிருஷ்ணருக்கு முதுகக் காட்டி நான் ஆட விடமாட்டேன்."

"நாங்க திரும்பல சார். அவரைத் திருப்பறோம். வடக்குச் செவுத்துல."

ஹேமநாத் யோசித்தார். "வடக்கு குபேர திசை," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். கல்லூரியின் நிதி நிலைமை அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தானே போய் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தார்.

முதல் நாள் வடக்கே பார்த்து ஆடியபோது, திருப்பதிக் கூடத்திலேயே தட்டு வலது பக்கம் வளைந்து ஹேமநாத்தின் நாற்காலிக்கே வந்தது. அவர் காலைத் தூக்கிக்கொண்டார். ஆனால் பிழை இப்போது கண்ணெதிரே தெரிந்தது. தெரிகிற பிழையைத் திருத்தலாம். இடது விளிம்பைக் கொஞ்சம் அடக்கி, அடக்கி, தேர்வு வருவதற்குள் தட்டு படத்தை நோக்கி நேராகப் போகத் தொடங்கியது.

சித்தூரில் தேர்வு அன்று தணிகைவேல் மிருதங்கத்துக்குப் பிளாஸ்டிக் உறை போட்டே கொண்டுவந்திருந்தார். வயதான தேர்வாளர் அம்மா கல்லூரியின் பெயரைக் கேட்டதும், "அந்தக் காலேஜா? மிருதங்கத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுக்கோங்கய்யா," என்றார்.

"தள்ளியாச்சும்மா. இன்னும் தள்ளுனா ரோட்டுல ஒக்காந்துதான் வாசிக்கணும்."

பாட்டு தொடங்கியது. அலர்மேல்மங்கை தட்டில் ஏறினாள். தணிகைவேல் ஒரு கண்ணைத் தாளத்திலும் ஒரு கண்ணைத் தட்டிலும் வைத்து, பாதி எழுந்த நிலையிலேயே வாசித்தார். தட்டு அவர் பக்கம் வரவில்லை. இடதும் வலதும் சமமாகத் திரும்பி, மேடையின் நடுவே நேராக வந்து, தேர்வாளரின் மேசைக்கு முன்னால் நின்றது. செம்பிலிருந்து ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

தேர்வாளர் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க காலேஜ்லேந்து நேரா வந்த முதல் பொண்ணு நீதாம்மா. என்ன பண்ணீங்க?"

"எங்க ஹால் தரை ஒரு பக்கமா சரிஞ்சிருக்கு மேடம். சரிவு பக்கவாட்டுல இருந்தா தட்டைப் பக்கவாட்டுல இழுக்கும். அதனால சாமி படத்தைச் சரிவு போற பக்கத்துச் செவுத்துக்கு மாத்தி, அதப் பாத்து ஆடறோம். இப்ப சரிவு நேரா முன்னால இருக்கு. அது தட்டை முன்னாலதான் இழுக்கும்."