சிலர் என்று எழுதினால் போதும்

…சிலர் என்று போட்டுவிட்டால் யாருக்கும் வலிக்காது, சிலர் என்றால் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், வீரர்கள் என்றால் மஹாதேவனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும், காலிகள் என்றால் ராஜாராமன் சண்டைக்கு வருவான், தொண்டர்கள் என்று போட்டுப் பார்த்தாயிற்று, வாலிபர்கள் என்று போட்டுப் பார்த்தாயிற்று, இரண்டுக்கும் வசவுதான் மிச்சம்... சிலர், ஆமாம், சிலர்தான் சரி என்று காளிகாட்டிலிருந்து கிளம்பிய டிராமில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு வைத்தீஸ்வரன் தனக்குத் தானே தலையை ஆட்டிக்கொண்டார். எதிர் பெஞ்சியில் இருந்த வங்காளி பாபு அவரையே பார்த்தார். ஏன் பார்க்கிறான்? தலைப்பாகையைப் பார்க்கிறானா, மதராஸி என்று பார்க்கிறானா, இல்லை, கோட்டுப் பித்தான்கள் இப்படி இழுத்துக்கொண்டு நிற்கின்றனவே, உள்ளே வயிற்றோடு வயிறாக என்னத்தையோ கட்டிக்கொண்டு போகிறானே என்று பார்க்கிறானா? போலீஸ் ஆட்கள் இப்போது பாபு வேஷத்தில்தான் டிராமில் போகிறார்களாம். போன மாசம் அடுத்த சந்து மெஸ்ஸில் புகுந்து தலையணைப் பஞ்சைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள். பஞ்சுக்குள்ளேயே பார்க்கிறவர்கள் கோட்டுக்குள்ளே பார்க்கமாட்டார்களா? வைத்தீஸ்வரன் குடையை எடுத்து மடிமேல் குறுக்கே வைத்துக்கொண்டார், அப்புறம் அதுவே சந்தேகமாகப் பட்டுவிடுமோ என்று மறுபடி கீழே வைத்தார்.

கோட்டுக்குள்ளே இருந்தது வெடிகுண்டு இல்லை ஸ்வாமி, ‘காளிகாட் மித்திரன்’. மாசம் ஒரு தடவை வைத்தீஸ்வரன் தம் கையால் எழுதி, நூலால் தைத்து, தமிழ்க் குடும்பங்களுக்குள்ளே வீடு வீடாகச் சுற்றவிடுகிற ஒரே ஒரு பிரதி. ஒரு வீட்டில் படித்து முடித்ததும் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டும், கடைசியில் தைத்திருக்கும் வெற்றுத் தாள்களில் படித்தவர்கள் அபிப்பிராயம் எழுதவேண்டும், அதுதான் ஏற்பாடு. இத்தனை நாள் என்ன அபிப்பிராயம் வந்தது? ரசத்துக்கு இந்த ஊர்ப் பருப்பு ஆகாது, துர்கா பூஜைக்கு நம்மாத்துப் பெண்டுகள் பந்தல் பார்க்கப் போகலாமா கூடாதா, இவ்வளவுதான். எவ்வளவு நிம்மதியாக இருந்தது! எல்லோரும் ஆபீஸ்காரர்கள், சர்க்கார் உப்பு, கம்பெனி உப்பு, பாங்கி உப்பு, எவன் எவனோடு சண்டை போட்டால் நமக்கென்ன, நாம் பிழைக்க வந்தவர்கள் என்று இருந்த ஜனங்கள். அதிலே போய் இந்த அனந்து, அவர் மச்சினன் அனந்தகிருஷ்ணன், கிழக்கு வங்காளத்து ரயில் ஸ்டேஷனில் குமாஸ்தாவாக இருக்கிறவன், சும்மா இருக்கமாட்டாமல் ஒரு கட்டுரை எழுதி அனுப்பினான் பாருங்கள்.

ஏன் வாங்கிக்கொண்டேன்? பிரமாதமாக எழுதியிருந்தான், அதனால்தான் வாங்கிக்கொண்டேன், எடிட்டர் என்றால் நல்ல எழுத்தைக் கண்டதும் வாயில் ஜலம் ஊறிவிடுகிறதே, என்ன செய்ய... போன வருஷம் அங்கே ஹிந்துவும் முஸ்லிமும் வெட்டிக்கொண்டு நின்றபோது, அனந்து வேலை பார்க்கும் ஊரில் ஒரு சமிதி இருந்ததாம், வெள்ளைக்காரனை விரட்டக் கிளம்பிய சங்கம். கசரத்து எடுக்கிற பையன்கள், கழி சுழற்றுகிறவர்கள், யூனிபாரம் மாதிரி எல்லோரும் ஒரே காவித் துண்டு. ஊர்ப் பெண்களும் குழந்தைகளும் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் வந்து ஒண்டிக்கொண்டபோது அந்தப் பையன்கள்தான் சுற்றி நின்று காவல் காத்தார்களாம், கண் மூடவில்லை, தங்களுக்கு இருந்த பொரியைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் குடித்தார்களாம். படிக்கும்போது கண் கலங்கிப் போயிற்று. அடுத்த பக்கத்தைத் திருப்பினால், அதே பையன்கள், அதே கழி, சந்தையில் விட்டுப்போன கூடையை எடுக்க வந்த ஒரு முஸ்லிம் கிழவரை, வளையல் விற்கிறவரை, அடித்தே கொன்றுபோட்டார்களாம். அனந்து ஸ்டேஷன் வாசலில் நின்று பார்த்திருக்கிறான். கிழவர் பெயர், எந்த ஊர், யார் மகன் எல்லாம் போட்டிருந்தான், ஏதோ கச்சேரியில் பிராது கொடுக்கிற மாதிரி. தன் பெயரை மட்டும் போடவில்லை, ‘பார்த்தவன்’ என்று கையெழுத்து. இரண்டையும் சேர்த்தே போடவேண்டும் அத்திம்பேர், ஒன்றை விட்டு ஒன்றைப் போட்டால் பொய் என்று கீழே குறிப்பு வேறு. இவனுக்கு என்ன, எழுதிவிட்டான், அங்கே உட்கார்ந்திருக்கிறான், இங்கே மாட்டிக்கொண்டு முழிப்பது யார்?

முதலில் ராஜாராமன் வீட்டுக்குப் போயிற்று. பாங்கியில் வேலை, ஆனால் சீமைத் துணி தொடமாட்டான், சீமைச் சர்க்கரை தொடமாட்டான். வெற்றுத் தாளில் ஒரு பக்கம் பூராவும் எழுதிவிட்டான்... தேசத்துக்காக உயிரைக் கொடுக்கிற வீரர்களை வாலிபர்கள் என்று சொல்வதா, வளையல்காரர் கதை எவனோ கட்டிவிட்டது, அதை எடுக்கவேண்டும். அடுத்து மஹாதேவன் வீடு. மஹாதேவன் போலீஸ் இலாகாவில் கணக்கு, பெரிய மனுஷர். அவர் ராஜாராமனுடைய வரிகளின் மேலேயே சிவப்பு மசியில் எழுதினார்... கொலைகாரர்களுக்குப் பொரி உபசாரம் என்ன வேண்டியிருக்கிறது, கூட்ஸ் ஷெட் சமாசாரத்தை எடுக்கவேண்டும், பத்திரிகை நடுநிலைமை தவறுகிறது. அதற்கு ராஜாராமன் ஓரத்தில் பதில். அதற்கு மஹாதேவன் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொண்டு பதில். இரண்டு பேரும் நடுநிலைமை, நடுநிலைமை என்றே எழுதினார்கள், அதுதான் கூத்து. வைத்தீஸ்வரன் திருத்தித் திருத்தி மறுபடி மறுபடி பிரதி எடுத்தார், ஆபீஸ் விட்டு வந்து கை கடுக்கக் கடுக்க எழுதினார். ஒரு வரி இவனுக்கு விட்டால் ஒரு வரி அவருக்கு, தராசு பிடிக்கிற மாதிரி. பொரியை எடுத்தார், கூடையை எடுத்தார். காவல் ‘காத்ததாகச் சொல்லப்படுகிறது’ என்று ஆயிற்று, அடித்தது ‘அசம்பாவிதம்’ ஆயிற்று. அசம்பாவிதம் கூடாது என்று ராஜாராமன் நேரிலேயே வந்துவிட்டான். “நீர் யார் பக்கம் ஓய், அதைச் சொல்லும் முதல்லே” என்று கூடத்தில் நின்றுகொண்டு கத்தினான். கீழ்க்குடி வங்காளி வீட்டுக்காரர் தலையை நீட்டி “கீ ஹொலோ மொஷாய்?”, என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, சங்கீத விஷயம் என்று ஒரு பொய்.

நான் யார் பக்கம்? எந்தப் பக்கமும் இல்லை அப்பா, என்னை விட்டுவிடு. கூட்ஸ் ஷெட்டை வைத்தால், சமிதிக்கு வால் பிடிக்கிறவன் யாரடா என்று சர்க்கார் தேடும், ‘பார்த்தவன்’ யார் என்று கண்டுபிடிக்க எத்தனை நாழியாகும், கிழக்கே ரயிலில் இருக்கிற தமிழன் எத்தனை பேர், அனந்து வேலை போகும். வளையல்காரரை வைத்தால், சாட்சி ஒருத்தன் இருக்கிறான் என்று சமிதிக்குத் தெரியும், அனந்து தலையே போகும். இரண்டையும் எடுத்துவிட்டால்? அதுதானே நியாயம், அதுதானே நடுநிலைமை? நேற்றுச் சாயங்காலம் புதுப் பிரதியை ஜகதாம்பாளுக்குப் படித்துக் காட்டினார். அகத்துக்காரி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள், கேட்டுவிட்டு, “ஏன்னா, அந்த வளையல்காரர் எங்கே?” என்றாள்.

“அது இருந்தா உன் தம்பி தலை போயிடும், தெரியுமோ?”

“அது அவனுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதானே எழுதினான்?” என்றவள், “நீங்கோ அவனுக்காகப் பயப்படறேளா, உங்களுக்காகவா?” என்றும் கேட்டுவிட்டாள். என்ன வாய்! பெண்டுகளுக்கு என்ன தெரியும் என்று சீறிவிட்டு எழுந்து போனார். ஆனால் அந்தக் கேள்வி மட்டும் இப்போது டிராம் வரைக்கும் கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. எனக்காகவும்தான் பயம், யாருக்குத்தான் இல்லை? கையெழுத்து யாருடையது, என்னுடையது, முத்து முத்தாக என்று ஊரே புகழ்ந்த கையெழுத்து, இப்போது அதைப் பார்த்தாலே குளிர் ஜுரம் வருகிறது.

பவானிப்பூரில் மழையோடு மழையாக மஹாதேவன் ஏறினார். ஏறுவார் என்று தெரியும், டிராமிலேயே கொண்டுவந்து காட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். எதிரே இருந்த பாபு இறங்கிப் போனான், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, சே, இவனுக்குப் போயா... மஹாதேவன் அந்த இடத்திலேயே உட்கார்ந்து, ஒரு சிட்டிகைப் பொடியை ஏற்றிக்கொண்டு, கையை நீட்டினார். வைத்தீஸ்வரன் கோட்டுப் பித்தானைக் கழற்றிப் பத்திரிகையை எடுத்துக் கொடுத்தார். சௌரங்கி வரைக்கும் மஹாதேவன் படித்தார், ஒரு பக்கந்தான், இருந்தாலும் சௌரங்கி வரைக்கும் படித்தார். மைதானத்துப் புல்லெல்லாம் தண்ணீர். சிவப்பு மசியை எடுப்பாரோ, எடுக்கமாட்டாரோ...

“பேஷ், பேஷ்” என்றார் மஹாதேவன். “இப்போதான் ஓய் நடுநிலைமையா இருக்கு. ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லமுடியாது. ராஜாராமன் பார்த்தானா?”

“பார்த்தாச்சு. அவரும் இதே வார்த்தைதான் சொன்னார்.”

“அவனா! அப்போ சரிதான். பழைய பிரதியெல்லாம்? மச்சினன் அனுப்பின அசல்?”

மச்சினன் என்று எப்படித் தெரிந்தது! வைத்தீஸ்வரனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் மஹாதேவன் பொடி மட்டையை மூடிக்கொண்டே, “எனக்கு ஒண்ணும் தெரியாது ஓய், தெரிஞ்சா கஷ்டம், அதுக்குத்தான் கேட்கறேன்” என்றார். கெட்ட மனுஷர் இல்லை. ராஜாராமனுந்தான் கெட்டவன் இல்லை.

“காலமே வெந்நீர் அடுப்பிலே போட்டுட்டேன். எல்லாத்தையும்.”

“நல்ல காரியம் பண்ணினீர்” என்று சொல்லிப் பத்திரிகையைத் தம் குடைக்குள் செருகிக்கொண்டு, வைத்தீஸ்வரன் ஆபீஸுக்கு இறங்கவேண்டிய லால்திகிக்கு முன்னாலேயே இறங்கிவிட்டார்.

அப்பாடா! முடிந்தது, கோட்டு தொளதொளவென்று ஆகிவிட்டது, மூச்சு விடமுடிகிறது, அனந்து பிழைத்தான், வேலை பிழைத்தது, ‘சில இடங்களில் சிலர் சில காரியங்களைச் செய்ததாகத் தெரிகிறது’, இதிலே எவன் எதைப் பிடுங்கிவிட முடியும்? பூஜை லீவுக்கு அனந்து வருவான். வந்தால் என்ன, உட்காரவைத்துச் சொல்லிவிடலாம், உன் நன்மைக்குத்தாண்டா செய்தேன், நாளைக்கு நீயே ஒத்துக்கொள்வாய். குதிப்பான், குதிக்கட்டும். காகிதத்தில் இருந்தால்தானா, எங்கள் மனசில் இல்லையா, அந்தப் பெரியவரை நான் மறந்துவிடுவேனா என்று சொன்னால் அடங்கிவிடுவான், பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி... பெயர்... கரீம்? இல்லை, கரீம் இல்லை, பெயர் இரண்டு பாகமாக இருந்தது, ஏதோ ஷேக், ஷேக் என்று ஆரம்பிக்கும், இல்லை, முடியும்... ரஹ்மத்? ஊர் ஒரு பூர், எல்லா ஊரும் பூர்தான் இந்தத் தேசத்தில், மகன் என்று போட்டிருந்தானே, யார் மகன்? எத்தனை பிரதி எடுத்தேன், எத்தனை தடவை இந்தக் கையால் எழுதினேன்! முதல் பிரதியில் இருந்தது, இரண்டாவதில் ‘ஒரு வியாபாரி’ என்று ஆக்கினேன், மூன்றாவதில் ‘ஒருவர்’... வீரர்கள், தொண்டர்கள், வாலிபர்கள், காலிகள், சிலர்... இது மட்டும் வரிசை தப்பாமல் வருகிறதே. இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டது அவ்வளவும் கழி பிடித்தவர்களை என்னவென்று அழைப்பது என்றுதான், அடிபட்டவரை என்னவென்று அழைப்பது என்று ராஜாராமன் கேட்கவில்லை, மஹாதேவன் கேட்கவில்லை, நான்... நானும் கேட்கவில்லை. கண்டக்டர் வந்து, லால்திகி போயாயிற்று, இறங்கவில்லையா பாபு என்று கேட்டான். வைத்தீஸ்வரன் அவனை நிமிர்ந்து பார்த்தார். ஷேக்... ஷேக் என்ன? அனந்துவுக்கு ஒரு கார்டு போட்டுக் கேட்கலாம். கேட்டால், ஏன் அத்திம்பேர், நான் எழுதின காகிதத்தில் இருக்குமே என்பான்.