இருபத்திரண்டு வாசல்

உமாதேவியின் வாய் அன்றைக்கு ஒரு நிமிஷம் சும்மா இருந்திருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. ஆனால் அது என்றைக்குத்தான் சும்மா இருந்தது?

அவள் கொழுந்தன் கார்த்திக்ராஜ் கப்பலில் எலக்ட்ரீஷியன். ஆறு மாதம் கடல், மூன்று மாதம் ஓடைப்பட்டி. போன வருஷம் பிலிப்பைன்ஸில் ஒரு தீவில் கல்யாணத்தை முடித்துவிட்டு, ஃபோட்டோவை அனுப்பித்தான் வீட்டுக்கே தகவல் சொன்னான். பெண்ணின் பெயர் மாரிசெல். தெரு அதை ஒரே வாரத்தில் மாரிச்செல்வி ஆக்கிவிட்டது. அவள் ஊரிலும் தென்னையும் வாழையும் நெல்லும்தானாம். புயல் வந்து வீட்டை வாரிக்கொண்டு போன பிறகு, கடலே கண்ணில் படாத ஊராகப் பார்த்து மண்ணைக் கொத்திப் பிழைக்கலாம் என்று அவளேதான் சொன்னாளாம். அப்படி வந்தவளுக்கு, உமாதேவி வீட்டுச் சுவரை ஒட்டியே, திராட்சைப் பந்தலைப் பார்த்தபடி இரண்டு அறை வீடு எழும்பியது.

அதில் உமாதேவிக்கு வருத்தமா என்று கேட்டால், சேச்சே என்பாள். ஆனால் பதினான்கு வருஷமாக மருந்தடிப்பு, கவாத்து, பறிப்பு என்று புருஷன் சுரேஷ்கண்ணனோடு பந்தலுக்குள்ளேயே கிடந்தவள் இன்னும் ஓட்டு வீட்டில் இருக்க, நேற்று வந்தவளுக்கு டைல்ஸ் போட்ட தரை. உள்ளே உறுத்தத்தான் செய்தது. மாரிசெல் நல்லவளாக வேறு இருந்து தொலைத்தாள். வந்த மூன்றாம் நாளே மண்வெட்டியோடு பந்தலுக்குள் இறங்கி, புருஷனிடம் கற்ற தமிழில் "அக்கா, தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டுக் கேட்டு வாய்க்காலைச் சரிசெய்தாள். இப்படிப்பட்டவளை மனதார வெறுக்கவும் முடியவில்லை.

புது வீட்டில் பால் காய்ச்ச நாள் குறித்தாயிற்று. அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. விசேஷம் என்றால் வீட்டுப் பெண் ஒருத்தி தட்டில் குங்குமமும் சீனியும் வைத்துக்கொண்டு வாசல் வாசலாக ஏறிக் கூப்பிட வேண்டும். கூப்பிடப்பட்டவர் ஒரு சிட்டிகை சீனியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டால், வருகிறேன் என்று அர்த்தம். வாட்ஸப் அழைப்பெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு. பக்கத்து வீட்டுப் பாயச வாசனை மூக்கைத் துளைத்தாலும், தட்டு வராவிட்டால் ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்காது.

மாரிசெல் தட்டை ஆசையாக வாங்கிப் பார்த்தாள். "நானும் வரவா அக்கா?"

"நீ வேணாம்த்தா. மூத்தவ நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

"உங்க வீட்டுக்கு நான் வந்து கூப்பிடணுமா?"

உமாதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டு ஆள யாராச்சும் கூப்புடுவாகளா? கூப்புட்டா வேத்தாளாக்குன மாதிரியில்ல ஆயிரும்!"

மாரிசெல் தலையை ஆட்டி, அதை ஃபோனில் எழுதி வைத்துக்கொண்டாள். இந்த ஊரைப் பற்றி யார் எது சொன்னாலும் எழுதி வைத்துக்கொள்கிறவள் அவள்.

மொத்தம் இருபத்திரண்டு வாசல். முதல் வாசல் ராக்கம்மாளுடையது. திராட்சை பறிக்கப் போகும் பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. காலையில் அவள் வாயிலிருந்து ஒன்று விழுந்தால் பத்து மணிக்குள் அத்தனை பந்தலுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அன்றைக்கு அவளோடு சந்தனம்மாளும் இன்னும் நான்கு பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏத்தா உமா, விருந்துல என்ன வைக்கப் போறா ஒங்க சீமைக்காரி? பாம்பு பல்லின்னு எதையாவது வறுத்துப் போட்டுறாம!" என்றாள் ராக்கம்மாள். அவளுக்கு யாரையாவது சீண்டாவிட்டால் சோறு இறங்காது.

போங்க சின்னம்மா, அது நம்மள மாதிரி சோறு தின்கிற புள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது வாய் வழியாக வந்துவிட்டது.

"எனக்கென்னத்தத் தெரியும் சின்னம்மா, சட்டிக்குள்ள எது கெடக்கோ! நானே வீட்ல சாப்ட்டுட்டுத்தான் போகப் போறேன்."

அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு உமாதேவிக்குச் சுகமாகத்தான் இருந்தது. ஆனால் ராக்கம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீயே திங்காத வீட்டுக்கு எங்கள எதுக்குத்தா கூப்புடுற?" என்றாள். ஒருத்தியும் சீனியைத் தொடவில்லை.

தொடாத சீனியோடு அடுத்த வாசலில் எப்படி ஏறுவது? உமாதேவி பந்தலுக்குள் நுழைந்து, சீனியை ஒரு கொடியின் தூரில் கொட்டிவிட்டு, வெறும் தட்டோடு வீட்டுக்கு வந்தாள். "எல்லாருக்கும் சொல்லிட்டேன்," என்றாள். மாரிசெல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் பால் பொங்கியது. நான்கு பேர் நின்று சாமி கும்பிட்டார்கள். மாரிசெல் பச்சரிசியைத் தேங்காய்ப்பாலில் வேக வைத்து, வாழை இலையில் சுற்றி, நாரால் கட்டி, அறுபது பொட்டலம் அவித்து வைத்திருந்தாள். அவள் ஊரில் விசேஷத்துக்கு அதுதானாம். பட்டுச்சேலையில், தலை நிறையப் பூவோடு, வாசலில் போய் நின்றாள். ராக்கம்மாளும் கூட்டமும் கூடையோடு அந்த வழியாகத்தான் பறிப்புக்குப் போனார்கள். இவள் கைகூப்பினாள். அவர்கள் முகத்தை நேரே வைத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"இங்கன லேட்டாத்தான் வருவாங்களா அக்கா?"

"பறிப்பு நேரம்ல. வருவாக, வருவாக." சொல்லிவிட்டு உமாதேவி உள்ளே போய்விட்டாள்.

மதியம் மூன்று மணி வரைக்கும் நின்றுவிட்டு, மாரிசெல் பூவைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். "நான் என்ன தப்பு பண்ணினேன் அக்கா?" என்று கேட்டாள். அழக்கூட இல்லை. ஒரு பொட்டலத்தைப் பிரித்து உமாதேவி கையில் கொடுத்தாள். நன்றாகவும் இருந்தது, பாவம். ஒரு வாயோடு உமாதேவி அதைக் கீழே வைத்துவிட்டாள். சாயங்காலம் மிச்சத்தையெல்லாம் மாட்டுக்குப் பிரித்துப் போட்டபோது, நார் முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தது உமாதேவிதான்.

நான்காம் நாள் கார்த்திக்ராஜ் வந்து உட்கார்ந்தான்.

"மதினி, இருபதாம் தேதி நான் கப்பலேறணும். அவ இங்கன தனியா இருக்க மாட்டேங்குறா. ஒரு ஆத்திர அவசரம்னா யாரு வருவாக, யாருக்குமே என்னயப் புடிக்கலையேங்குறா. ஊருக்குக் கூட்டிட்டுப் போய் விட்டுட்டு, வீட்டப் பூட்டிரலாம்னு இருக்கேன்."

உமாதேவி அரிசியில் கல் பொறுக்குவதுபோலக் குனிந்துகொண்டாள்.

"நீங்க வெயில்ல இருபத்திரெண்டு வாசல் ஏறிக் கூப்புட்டீக. அதுக்கு மேல நீங்க என்ன செய்வீக? நீங்க இருந்ததுனாலதான் மதினி அவ இத்தன நாளே இருந்தா."

அதற்கு அவன் செருப்பைக் கழற்றி நாலு போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. ஒரு குடும்பம் குடியேறும் முன்னே கிளம்புகிறது, கிளப்பிவிட்டவளுக்கே நன்றி சொல்லிவிட்டு. அவன் போன பிறகு உமாதேவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. விறுவிறுவென்று எழுந்து ராக்கம்மாள் வீட்டுக்குப் போனாள்.

"சின்னம்மா, நான் அன்னைக்கு ஒங்க வாசலோட திரும்பிட்டேன். ஒரு வீட்டயும் கூப்புடல. கூப்புட்டேன்னு அந்தப் புள்ளகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

ராக்கம்மாள் புளி உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "அடிப் பாவி! நான் வெளாட்டுக்கு வாயக் கிண்டுனேன்டி. நீ சிலுப்பிக்கிட்டு, சீனிய எங்க வாயில திணிச்சுட்டுப் போவன்னுல்ல பாத்தேன்! தெருவுல ஒருத்திக்கும் சொல்லலையா? அந்தப் புள்ள சேலையக் கட்டிக்கிட்டு வாசல்ல நின்னுச்சேடி. நம்மள மறுக்கா வந்து கூப்புடவும் மனசில்ல, ஜோடிச்சுக்கிட்டு நின்னு வேடிக்க பாக்குறான்னுல்ல பேசிக்கிட்டுப் போனோம்."

"நான் இப்பப் போய் எல்லா வாசல்லயும் சொல்லிர்றேன் சின்னம்மா."

"ஒன் மொகத்தப் பாத்து இனிமே யாரு சீனி எடுப்பா? தட்டு அந்தப் புள்ள கையில இருக்கட்டும். மொதல்ல நீ அவகிட்டப் போய்ச் சொல்லு, போ."

மாரிசெல் பந்தலுக்குள் நின்று, தொங்கிய கொடியைக் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தாள். ஊரைவிட்டுப் போகப் போகிறவள் எதற்குக் கொடி கட்டுகிறாள்? உமாதேவி நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். தட்டு, சீனி, சிரிப்பு, பொய்.

மாரிசெல் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, "பாம்பு பத்தி எல்லாரும் சிரிச்சப்ப, நீங்களும் சிரிச்சீங்களா?" என்றாள்.

"நாந்தான் இன்னும் கொஞ்சம் சேத்துச் சொன்னேன்."

மாரிசெல் கையிலிருந்த கட்டுக்கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தக் கதவு திறந்தது. தட்டில் குங்குமமும் குவியலாகச் சீனியும் வைத்துக்கொண்டு மறுநாள் விருந்துக்குக் கூப்பிட மாரிசெல் தனியாகத் தெருவில் இறங்கினாள். உமாதேவி ஜன்னலோரம் நின்று எண்ணினாள். முதல் வாசலில் ராக்கம்மாள் ஒரு கை சீனியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "வந்துர்றோம்த்தா, நாளைக்கு அடுப்பே பத்த வைக்கல!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். இரண்டு, ஐந்து, பன்னிரண்டு. எதிர்வரிசை முடிந்து இந்த வரிசை வந்தது. இருபத்தொன்று, இருபத்திரண்டு. உமாதேவி அவசரமாகத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மாரிசெல் அவள் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டி, தன் வீட்டுக்குள் போய்விட்டாள். தட்டில் இன்னும் கொஞ்சம் சீனி இருந்தது.

சரிதான். இது நியாயம்தான். வேறு என்ன எதிர்பார்த்தாய் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள் உமாதேவி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சுரேஷ்கண்ணன், "என்ன, கெளம்பலையா?" என்றான். "தலைவலி, நீங்க போங்க," என்றாள். ஒற்றைச் சுவர்தான் நடுவில். இலை விரிக்கிற சத்தம், பாத்திரம் உருளுகிற சத்தம், சந்தனம்மாளின் கீச்சுக்குரல் எல்லாம் கேட்டது. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை, பிடிக்கவில்லை. பக்கத்தில் இருந்துகொண்டு, கூப்பிடாத வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. அந்தப் பெண் ஒன்பது மணி நேரம் வாசலில் நின்றாளே என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கதவு தடாலென்று திறந்தது. கையில் சாம்பார் கரண்டியோடு மாரிசெல் நின்றாள். முகமெல்லாம் வேர்வை, நல்ல கோபம்.

"அக்கா! எழுபது பேர் உட்கார்ந்திருக்காங்க. யார் பரிமாறுவா? ஏன் வரல?"

"நீ..." உமாதேவி எழுந்துகொண்டாள். "நீ என்னயக் கூப்புடலையேத்தா."

மாரிசெல் அவளை விழித்துப் பார்த்தாள். இடுப்பிலிருந்து ஃபோனை எடுத்துத் தேடி, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். "வீட்டு ஆளைக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் வேற ஆள் ஆயிடும்." நிமிர்ந்தாள். "நீங்கதானே சொன்னீங்க? நான் தப்பா எழுதிட்டேனா?"

உமாதேவி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"கோபம் இருக்கு அக்கா. நிறைய இருக்கு. ஆனா இருபதாம் தேதி கார்த்திக் போறான், நான் இங்கன இருக்கேன். கோபத்தை அப்புறம் பேசலாம். இப்ப சாம்பார் ஆறுது." கரண்டியை அவள் கையில் திணித்துவிட்டு முன்னால் நடந்தாள்.

உமாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்திருந்த ராக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். விடுவாளா அவள்?

"என்ன உமா, வீட்ல சாப்ட்டுட்டுத்தான வந்த?"

பந்தி முழுக்க அவளையே பார்த்தது.

"இல்ல சின்னம்மா," என்றாள் உமாதேவி, எல்லோருக்கும் கேட்கும்படி. "காலையில இருந்து பச்சத்தண்ணி குடிக்கல. நான் அன்னைக்குச் சொன்னது அத்தனையும் பொய்யி. இது நல்ல சாப்பாடு. நல்ல புள்ள சமைச்சது."

ஒருத்தரும் சிரிக்கவில்லை. மாரிசெல் கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, நாரை அவிழ்த்து, அவள் கையில் வைத்தாள். "முதல்ல சாப்பிடுங்க," என்றாள், "அப்புறம் பரிமாறலாம்." எழுபது பேர் பார்த்துக்கொண்டிருக்க, உமாதேவி நின்றபடியே அதைக் கடைசி அரிசி வரைக்கும் சாப்பிட்டாள்.