எதிர்க்கடை

‘கடை மூடப்படுகிறது, எல்லாம் பாதி விலை’ என்று ஒரேஸ்தே தன் கடைக் கதவில் அட்டை மாட்டிய காலையில், நெரீனா எப்போதும்போல என் காபிக்கடைக்கு வந்தாள். எப்போதும்போல உட்காராமல் நின்றபடியே குடித்தாள். நான் கோப்பைகளைத் துடைக்கிற சாக்கில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த மற்றவர்களும் அதைத்தான் பார்த்தார்கள்.

"பாத்தியாடி?" என்று கேட்டேன்.

"பாத்தேன்."

"அப்புறம் என்ன? இன்னிக்கு எல்லாருக்கும் காபி உன் செலவுதானே?"

"சர்க்கரை தீர்ந்துபோச்சு பியேரா, போட்டு வை," என்றாள். தன் காபிக்கு மட்டும் காசை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

இது எவ்வளவு விசித்திரம் என்று புரிய வேண்டுமானால் பழைய கதை கொஞ்சம் தெரிந்தாக வேண்டும். கிரெமோனா நகரத்தை ஒட்டிய எங்கள் சிற்றூரில் கடைத்தெரு என்று இருப்பது ஒன்றுதான். அதில் இரண்டு பொம்மைக் கடைகள் நேருக்கு நேர் இருந்தன. ஒரேஸ்தேயினுடையது அவர் அப்பா காலத்திலிருந்து இருந்தது. நெரீனா சின்ன வயதில் அங்கேதான் விற்பனைப் பெண்ணாக வேலை பார்த்தாள். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்குப் பொம்மை கொண்டுவருவது கிறிஸ்துமஸ் தாத்தா இல்லை, சாந்தா லுச்சீயா என்கிற புனிதைதான். டிசம்பர் பாதியில் ஒரு ராத்திரி கழுதைமேல் வந்து வைத்துவிட்டுப் போவாள். பொம்மைக் கடைக்காரர்கள் வருஷம் முழுக்கச் சாப்பிடுவது அந்த ஒரு ராத்திரியை நம்பித்தான்.

ஒரு வருஷம் அந்தப் பண்டிகைக்காக நெரீனா ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஷோகேஸை அலங்கரித்தாள். மறுநாள் ஒரேஸ்தே வந்தார். கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டார். "இது பொம்மைக் கடையா, சவப்பெட்டிக் கடையா? பாதி இடம் காலியா விட்டிருக்கியே!" என்றார். நெரீனா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். அடுத்த இலையுதிர் காலத்தில், அவள் அப்பாவின் ஓய்வுப் பணமும் வங்கிக் கடனுமாக, எதிர்ச்சாரியில் அவளுடைய கடை திறந்தது.

அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். அவர் ரயில் வைத்தால் இவள் மலையோடு ரயில் வைப்பாள். இவள் மதியம் அரைமணி கூடுதலாகத் திறந்திருந்தால் அவர் மதியச் சாப்பாட்டையே விட்டுவிடுவார். திங்கள் காலை கடைகளுக்கு விடுமுறை. அந்த நேரத்தில் இரண்டு ஷோகேஸ்களும் காகிதம் ஒட்டி மறைந்திருக்கும். மதியம் காகிதம் எடுபடும்போது பிள்ளைகள் தெருவின் இரண்டு பக்கமும் மாறி மாறி ஓடுவார்கள். என் காபிக்கடை நெரீனாவின் கடையை ஒட்டியது. அவள் ஷட்டர் தூக்குவதற்கு முன்னால் வருவாள், அவர் அதற்கப்புறம் வருவார். நேரம் தப்பி ஒருவர் வந்துவிட்டால், மற்றவர் சதுக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார்.

இதற்கு நடுவில் தெரு மாறிப்போனது. ஊருக்கு வெளியே சுற்றுச்சாலையில் மால் வந்தது. இறைச்சிக்கடை இருந்த இடத்தில் நகத்துக்கு வண்ணம் பூசுகிறார்கள். சினிமா கொட்டகையில் உடற்பயிற்சிக்கூடம் வந்துவிட்டது. வங்கிக் கிளையை மூடினார்கள், அந்த இடம் சும்மா கிடக்கிறது. பார்சல் வண்டிகள் நாள் முழுக்க நடைபாதையில் ஏறி நிற்கின்றன. இதையெல்லாம் தாண்டி இரண்டு பொம்மைக் கடைகளும் நின்றன. கடைசியில் ஒரேஸ்தேதான் முதலில் கையை விரித்தார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், முழங்காலும் ஒத்துழைக்கவில்லை, மகள் தூரினோவில் இருக்கிறாள்.

குளிர்கால முகமூடித் திருவிழாவான கார்னிவல் முடிவதற்குள் அவர் கடை காலியாகிவிட்டது. அந்த இடத்தில் காசு போட்டால் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸும் விழுகிற இயந்திரங்களை வரிசையாக நிறுத்தினார்கள். கதவு கிடையாது, ஆள் கிடையாது. வெள்ளை விளக்கு மட்டும் இரவும் பகலும் எரிந்தது.

இனி நெரீனாவுக்கு வியாபாரம் கூடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கூடவில்லை. கார்னிவலுக்கு வைத்த முகமூடிகளை அவள் ஷோகேஸிலிருந்து எடுக்கவே இல்லை. ஈஸ்டர் வந்தது, முகமூடி. பள்ளிக்கூடம் முடிந்தது, அப்போதும் முகமூடி. வெயில் பட்டுச் சிவப்பு மூக்குகள் வெளுத்துப்போயின.

அவளுடைய அக்கா இவானா ஒருநாள் என் கடையில் வைத்தே சத்தம் போட்டாள். "ஊர்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. ஜூன் மாசம் யாருடி முகமூடி வாங்குவா? உடம்புக்கு ஏதாவதா? டாக்டர்கிட்ட போலாமா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல."

"மனசுக்கு?"

நெரீனா கொஞ்ச நேரம் யோசித்தாள். உண்மையிலேயே தேடிப் பார்க்கிற மாதிரி இருந்தது. "அங்கயும் ஒண்ணுமில்லக்கா," என்றாள்.

நான் அவள் கடைக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். அம்மாக்கள் வருவார்கள். ஒரு பெட்டியை எடுத்து, திருப்பி, போனில் படம் பிடிப்பார்கள். வீட்டுக்குப் போய் இணையத்தில் மலிவாக வாங்கத்தான். முன்பெல்லாம் இதைப் பார்த்தால் நெரீனா பெட்டியைக் கையிலிருந்து பிடுங்கி வைத்துவிடுவாள். இப்போது படம் தெளிவாக வருவதற்காக, வெளிச்சம் விழும் பக்கமாகப் பெட்டியைத் திருப்பிப் பிடித்தாள். கேலியாகச் செய்யவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரேஸ்தே தூரினோவுக்குப் போகவில்லை. ஒவ்வொரு காலையும் சட்டை, டை எல்லாம் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார். இப்போது அவருக்கு நேரம் பார்க்கத் தேவையில்லை. என் கடையில் சன்னலோர மேசையில் ஒரு காபியை வைத்துக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருப்பார். நெரீனா உள்ளே வந்தால் எழுந்து போவதில்லை. அவளும் திரும்பிப் போவதில்லை. முறைத்துக்கொள்ளக்கூட இல்லை. இரண்டு பேரும் ஒரே கடையில் நிற்பது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

ஜூலையில் ஒருநாள் அவர் நெரீனாவின் ஷோகேஸ் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு உள்ளே போனார். நான் பின்னாலேயே போய் வாசலில் நின்றுகொண்டேன்.

"அந்த முகமூடியெல்லாம் எடும்மா. பாக்கச் சகிக்கல," என்றார். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

நெரீனா தலையைத் தூக்கினாள். "உங்களுக்கு வேணும்னா எடுத்துக்கோங்க முதலாளி."

"என்னைய ஏன் முதலாளிங்கற? கிண்டலா?"

"வேற எப்படிக் கூப்பிடணும்னு தெரியல. அப்படியே பழகிடுச்சு."

அவர் முகமூடியை எடுக்கவில்லை. ஆனால் மறுநாளும் போனார். அதற்கடுத்த நாளும். கல்லாப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே குறை சொல்லுவார். இது ஏன் மேல் தட்டில் இருக்கிறது, அதை ஏன் இவ்வளவு வாங்கி வைத்தாய், தரையைத் துடைத்து எத்தனை நாளாச்சு. நெரீனா பதில் சொல்ல மாட்டாள். விரட்டவும் மாட்டாள்.

செப்டம்பரில் நெரீனாவின் கட்டட முதலாளிகளுடைய ஆள், பொல்த்ரீனி என்பவர், அவளைத் தேடி என் கடைக்கு வந்தார். கட்டட முதலாளிகள் மிலானில் இருக்கிறார்கள். அவள் கடை இருக்கிற இடத்தில் சாயங்கால மதுக்கடை போட ஒரு கம்பெனி கேட்கிறதாம். குத்தகை வருஷக் கடைசியில் முடிகிறது. அவளாகவே விட்டுக்கொடுத்தால் கொஞ்சம் பணமும் தருகிறார்களாம். நெரீனா காபி குடித்துக்கொண்டே கேட்டாள். "சரி," என்றாள். "சாந்தா லுச்சீயா முடியட்டும். அப்புறம் கையெழுத்துப் போடறேன்."

அந்த ஆளுக்கே நம்ப முடியவில்லை. பேரம் பேசத் தயாராக வந்தவர், பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சன்னலோர மேசையிலிருந்து ஒரேஸ்தே எழுந்து வந்தார். முகமெல்லாம் சிவந்திருந்தது. "என்ன சரி? எதுக்கு சரி? கடைய என்னமோ கடன் வாங்கின குடை மாதிரி திருப்பிக் குடுக்கற?"

"நீங்களும்தானே மூடினீங்க."

"எனக்கு எழுபது வயசு! முழங்கால் போச்சு! உனக்கு என்ன கேடு?"

"ஒண்ணும் கேடில்ல. காலைல ஷட்டர் தூக்கறேன், சாயங்காலம் இறக்கறேன். ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னு கேட்டா சொல்லத் தெரியல."

"நீ மூடிட்டா நான் காலைல எந்திரிச்சு எங்க போறது?"

 அப்படிக் கேட்டுவிட்டோமே என்று அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது, டையைச் சரிசெய்துகொண்டார்.

"எதிர்க்க மெஷின் கடைக்குப் போங்க," என்றாள் நெரீனா. "அங்க யாரும் போகச் சொல்ல மாட்டாங்க."

"உன் கடைக்கு ரெண்டு ஷோகேஸ் இருக்குல்ல? இடது பக்கத்த எனக்குக் குடு. பண்டிகை வரைக்கும்."

"எதுக்கு?"

"வித்துப்போகாத சரக்கு வீட்டு நிலவறைல கிடக்கு."

"எடுத்துக்கோங்க. எனக்கென்ன வந்துச்சு."

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தள்ளுவண்டியில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார். இடது கண்ணாடியில் காகிதம் ஒட்டினார். உள்ளே இருந்து இருமலும் திட்டும் கேட்டுக்கொண்டே இருந்தன. அடுத்த திங்கள் மதியம் காகிதத்தைக் கிழித்தார். ஓர் அங்குலம் காலியில்லை. ரயில், மரக்குதிரை, டிரம், பொம்மை வீடு, கரடிமேல் கரடி. எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய பழைய பாணியில், பட்டை பட்டையாகச் சிவப்பு மையில் எழுதிய விலை அட்டைகள்.

நெரீனா வெளியே வந்து பார்த்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். அவள் கழுத்திலிருந்து முகத்துக்கு மெல்லச் சிவப்பு ஏறியது.

"அந்தச் சிவப்பு எழுத்து என் கடைல வேண்டாம்."

"என் பக்கம், என் இஷ்டம்."

"காய்கறிக் கடை மாதிரி இருக்கு முதலாளி!"

"உன் பக்கம் எழவு வீடு மாதிரி இருக்கு. அதுக்கு இது தேவல."

அவள் உள்ளே போய்க் கதவை அறைந்தாள். அடுத்த திங்கள் வலது கண்ணாடியில் காகிதம் ஒட்டியிருந்தது. மதியம் எடுத்தபோது முகமூடிகள் இல்லை. சாம்பல் நிறத் துணி, அதன்மேல் பனிமூட்டம் மாதிரி பஞ்சு, நடுவில் ஒரே ஒரு கழுதை வண்டி. பாதி இடம் காலியாகத்தான் இருந்தது. ஒரேஸ்தே பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தார். கையை நீட்டவில்லை.

அப்புறம் ஒவ்வொரு திங்களும் அது தொடர்ந்தது. ஒரே கடை, ஒரே கதவு, அதன் இரண்டு பக்கமும் இரண்டு பிடிவாதம். இந்தக் கூத்தைப் பார்க்கவே ஆட்கள் நின்றார்கள். நின்றவர்களில் சிலர் உள்ளே போனார்கள்.

டிசம்பரில் மூடுபனி இறங்கியது. பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து அப்பா அம்மாக்கள் வந்து வாங்கினார்கள். பைகளைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் என் கடைப் பின்னறையில் போட்டுவிட்டுப் போனார்கள். பால் பெட்டிகளை வைக்க எனக்கு இடமில்லாமல் போயிற்று. ஒருநாள் ஒரு தகப்பன் பெட்டியைப் படம் பிடித்தபோது ஒரேஸ்தே அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"படம் நல்லா வந்துச்சா தம்பி? ராத்திரி இந்தப் போனையே கட்டில் பக்கத்துல வெச்சுடுங்க. புள்ளை விளையாடட்டும்."

அந்த ஆள் அசடு வழிந்துகொண்டே பொம்மையை வாங்கிவிட்டான்.

"வர்றவங்கள மிரட்டாதீங்க முதலாளி," என்றாள் நெரீனா. பொட்டலம் கட்டும் ரிப்பனைக் கத்தரிக்கோலால் இழுத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். குரலில் கோபம் இருந்தது. அது கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது.

பண்டிகை முடிந்து பொல்த்ரீனி காகிதங்களோடு நெரீனாவின் கடைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். நெரீனா ஏணிமேல் நின்றிருந்தாள்.

"கையெழுத்துப் போடல," என்றாள்.

"ஏன்மா? மனசு மாறிடுச்சா?"

"தெரியல. திங்கக்கிழமை வேலை இருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்ல? வாடகையை ஏற்றித்தான் புதுக் குத்தகை போட்டார்கள். மதுக்கடைக்காரர்கள் நாலு கடை தள்ளி நகைக்கடை இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

அன்று கடை சாத்துகிற நேரத்தில் அவளிடம் கேட்டேன். "இப்பவாவது சந்தோஷமாடி?"

"சந்தோஷமெல்லாம் இல்ல. பல் டாக்டர்கிட்ட போனா மரத்துப்போற ஊசி போடுவாங்கல்ல? அந்த மரப்பு விடறப்ப உதட்டோரம் கொஞ்சம் குறுகுறுங்கும். அவ்வளவுதான்." யோசித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டாள். "மறுபடி ஊசி போடுவாங்களோ என்னமோ."

பிப்ரவரியில் ஒரேஸ்தே கண் ஆபரேஷனுக்காகத் தூரினோவுக்கு மகள் வீட்டுக்குப் போனார். போகும்போது ரயில்களை எல்லாம் பெட்டியில் அடுக்கிவிட்டுப் போனதால் இடது ஷோகேஸ் வெறும் பலகையாக இருந்தது. வாரங்கள் போயின. நெரீனா தன் பக்கத்தைத் திங்கள்தோறும் மாற்றினாள். இடது பக்கத்தைத் தொடவில்லை. தூசிகூடத் தட்டவில்லை.

போன வாரம் என் தங்கை பேத்திக்கு ஒரு பந்து வாங்கப் போயிருந்தேன். என் பக்கத்தில் ஊருக்குப் புதிதான ஒரு பெண் நின்றிருந்தாள்.

"அந்த ஷோகேஸ் ஏன் காலியா இருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"அது என் பக்கம் இல்ல," என்றாள் நெரீனா.

"பின்ன யாரோடது?"

"வெளியூர் போயிருக்கார்."

"எப்ப வருவார்?"

"தெரியல. நான் கேக்கல," என்று சொல்லிவிட்டு, நான் கேட்ட பந்தைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்தாள்.