இடது காதின் துடிப்பு

காது டாக்டர் அன்று காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட அவசரத்தில் இருந்தார். வெளியே பெஞ்சு நிறைய நோயாளிகள். உள்ளே நாற்காலியில் அவருடைய சொந்த அக்கா. வருஷக்கணக்காகச் சீழ் வடிகிற இடது காது. அவளுக்கு என்ன சொட்டு மருந்து என்று மருந்துக் கடைக்காரருக்கே மனப்பாடம். ஆனால் இந்த முறை சீழோடு ரத்தமும் வந்திருந்தது.

சீழை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கருவி வைத்துப் பார்த்தார். செவிப்பறையில் இருந்த பழைய ஓட்டை வழியே சிவப்பாக ஒரு சதை எட்டிப் பார்த்தது. நாள்பட்ட சீழில் சதை வளர்வது புதுசா என்ன? கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. இடுக்கியை எடுத்தார்.

"உள்ள டொக்கு டொக்குன்னு சத்தம் கேக்குதுடா. படுத்தா தூங்க விட மாட்டேங்குது."

"சீழ் கட்டினா அப்படித்தான் துடிக்கும். ஆடாம உக்காருக்கா."

அக்காவா ஆடாமல் உட்காருவாள்? "நான் என்ன பொய்யா சொல்றேன்? இப்பவும் கேக்குது பாரு, இப்படி" என்று நாற்காலிக் கையில் விரலால் தட்ட ஆரம்பித்தாள்.

டாக்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேறு யாராவது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்திருப்பார். அக்கா என்பதால் அந்தக் கையைப் பிடித்து அமுக்கினார். அவளோ விடாப்பிடியாகத் தட்டினாள். அவர் பிடித்திருந்த அவள் மணிக்கட்டில் நாடியும் அதே வேகத்தில் அடித்தது.

சீழைத்தான் எடுத்தாயிற்றே, பிறகு எது துடிக்கிறது?

கருவியின் ரப்பர் பந்தை அமுக்கிக் காதுக்குள் மெல்லக் காற்றை ஏற்றினார். சதையின் சிவப்பு வெளுத்தது. விட்டதும் மறுபடி சிவந்தது. அப்படியென்றால் இது வெறும் சதை இல்லை, ரத்தக்குழாய்களே திரண்ட கட்டியாக இருக்கலாம். கிள்ளியிருந்தால், இந்தச் சின்ன அறையில் பீறிடும் ரத்தத்தை எதைக்கொண்டு அடைப்பது?

இடுக்கியைத் தட்டில் வைத்தார்.

"என்னடா, எடுக்கலையா?"

"முதல்ல ஸ்கேன் எடுக்கணும்க்கா. கட்டி மாதிரி தெரியுது. அப்படி இருந்தா பெரிய ஆஸ்பத்திரியில ரத்த ஓட்டத்தை அடைச்சிட்டுத்தான் எடுக்கணும். இங்க தொடக்கூடாது."

"அதுக்கு ஏன் உன் மூஞ்சி இப்படி வெளுத்துப்போச்சு?"

அவர் மறுபடி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு நொடி நீ சும்மா இருந்திருந்தா பிடுங்கியிருப்பேன்க்கா."

"நான் எப்படா சும்மா இருந்திருக்கேன்?" என்றாள் அக்கா.