விருந்தாளி வந்தால் விழும் வடு

யாரும் இல்லாதபோது அந்த மெஷின் வட்டத்தை வட்டமாகவே வெட்டியது. வாங்க வருகிறவர் வந்து நின்றால் மட்டும் வட்டத்தில் ஒரு வடு விழுந்தது. ஏன் என்று கதிரேசனுக்கு விளங்கவே இல்லை.

பெரியநாயக்கன்பாளையத்தில் வெங்கடபதியின் பட்டறையில் அவன் இரண்டு வருடம் உழைத்து உருவாக்கிய மெஷின் அது. பம்ப் வார்ப்புக்கான அலுமினிய அச்சுகளைச் செதுக்கும். கம்ப்யூட்டர் ஈதர்நெட் கேபிள் வழியே நொடிக்கு நூறு தடவை மோட்டாருக்கு அடுத்த இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு சேதி தாமதித்தாலும் மோட்டார் நின்றுவிடும். சுழலும் கட்டர் நின்ற இடத்திலேயே தேய்த்துக் குழி பறித்துவிடும்.

ஃபவுண்டரி வைத்திருந்த திருமலைசாமி இரண்டு முறை வந்து, வடுவைப் பார்த்துவிட்டு, காபி குடித்துவிட்டுப் போயிருந்தார். வெள்ளிக்கிழமை மறுபடி வருகிறார். அன்றும் வடு விழுந்தால் மெஷினைப் பிரித்துவிடலாம் என்று வெங்கடபதி மரியாதையாகவே சொல்லியிருந்தார்.

கதிரேசன் எர்த் கம்பியை மாற்றினான். மோட்டாரைக் கழற்றி மாட்டினான். ப்ரோகிராமை வரி வரியாகப் படித்தான். வியாழக்கிழமை லேத் ஓட்டும் அங்கப்பனை விருந்தாளி மாதிரி பக்கத்தில் நிற்கவைத்துக்கூட வெட்டிப் பார்த்தான். நாற்பது வட்டம், ஒன்றிலும் வடு இல்லை. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"பொண்ணு பாக்க வந்த மாதிரி வெக்கப்படுதாட்டம் இருக்குது தம்பி," என்றார் வெங்கடபதி.

"நானே நொந்து போய்க் கெடக்கறனுங்க. நீங்க வேற."

வெள்ளிக்கிழமை திருமலைசாமி மைத்துனரோடு வந்தார். அவர் எப்போதும் தனியாக வருவதில்லை. அவர் மெஷின் பக்கம் வருவதற்குள் கதிரேசன் பழைய அலுமினியத் துண்டு ஒன்றில் ஓட்டிப் பார்த்தான். வடு. தலையில் கைவைத்து நிமிர்ந்தவன் கண்ணில், பட்டறைக் கம்ப்யூட்டர் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஹப் பெட்டி சுவரில் பட்டது. அதன் சிவப்பு விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து போன கேபிளைத் தொடர்ந்து ஆபீசுக்குள் நுழைந்தான்.

ஆபீஸ் வேலை பார்க்கும் கீதா அந்த மைத்துனருக்குக் கம்ப்யூட்டரில் பம்ப் படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் டிராயிங் அறைக் கம்ப்யூட்டரிலிருந்து வரும் பெரிய படங்கள். இதை எத்தனை நாளாகச் செய்கிறாய் என்று கேட்டான்.

"கூட வந்தவங்களைச் சும்மா உக்கார வெக்க முடியுங்களா? யார் வந்தாலும் படம் காட்டச் சொல்லி முதலாளி சொல்லியிருக்காருங்க."

கேபிள் சொருக எட்டு ஓட்டை இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று வெங்கடபதி பட்டறை முழுவதற்கும் ஒரே ஹப் வாங்கியிருந்தார். அதில் ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டர்தான் பேச முடியும். இரண்டு சேர்ந்து பேசினால் சிவப்பு விளக்கு எரியும், இரண்டு சேதியும் கெடும். இரண்டும் நிறுத்தி, கொஞ்சம் காத்திருந்து, மறுபடி சொல்ல வேண்டும். படம் அரை நொடி காத்திருக்கலாம். மோட்டார் காத்திருக்காது.

கதிரேசன் மெஷினின் கம்ப்யூட்டரிலிருந்தும் மோட்டாரிலிருந்தும் வந்த இரண்டு கேபிள்களையும் ஹப்பிலிருந்து பிடுங்கினான். புதுக் கேபிள் ஒன்றை எடுத்து, ஒரு முனையில் அனுப்பும் கம்பிகளையும் வாங்கும் கம்பிகளையும் இடம் மாற்றி, கம்ப்யூட்டரை மோட்டாரை இயக்கும் போர்டோடு நேராக இணைத்தான். படத்தை நிறுத்த வேண்டாம் என்று கீதாவிடம் சொல்லிவிட்டு, திருமலைசாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெட்டினான். வடு விழவில்லை.

அதுவரை ஹப் வழியே வந்த அச்சின் வரைபடம் அன்றிலிருந்து மெஷினுக்கு ஃப்ளாப்பியில் வந்தது. மோட்டாருக்கான கேபிளில் வேறு யாரும் பேசவில்லை.