முகட்டில் ஏறிய கால்சட்டை

தச்சர்கள் நாங்கள் விடியுமுன்னே தொடங்கிவிட்டோம். உறைபனியில் ஆணி விரலோடு ஒட்டியது. பழைய நடைமேடையில் நின்று, ஓடு தாங்கும் சட்டங்களை அறுத்து அடுக்கினோம்.

ஐம்பது வருஷமாக ரயில் வராத நிலையம் இது. என் அப்பா இங்கேதான் சர்க்கரை பீட்ரூட்டை வாரிவாரிச் சரக்குப் பெட்டியில் கொட்டி முதுகொடிந்தார். இப்போது விடுதியாகிறது, பயணச்சீட்டு கொடுத்த ஜன்னலில் இனி மது கொடுப்பார்கள். ஆகட்டும், இடிக்காமல் விட்டார்களே.

நேற்று எங்களோடு வேலை செய்த வெர்னர் கூரையின் கடைசிக் கைமரத்தை அறைந்துவிட்டு முகட்டிலிருந்து விழுந்தான். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. அதற்கு முன்தினமே முதலாளி கிராக், நாங்கள் ஏறி நின்று வேலை செய்யும் சாரத்தைப் பிரித்து வேறு கட்டடத்துக்கு அனுப்பியிருந்தார். பாவி மனுஷன்.

கூரைச்சட்டம் நின்றதும் முகட்டில் இலைமாலை ஏறும், முதலாளி விருந்து வைப்பார். அவர் கஞ்சனென்றால் மாலைக்குப் பதில் பழைய கால்சட்டை ஏறும், ஊரே சிரிக்கும். டென்மார்க்கில் தச்சர்களின் வழக்கம் இது.

மதியம் கிராக் பீர்ப் பெட்டிகளோடும் போட்டோக்காரரோடும் வந்தார்.

“மாலைய ஏத்துங்கப்பா.”

எங்கள் சங்கப் பிரதிநிதி இங்கெர் சுத்தியலைக் கீழே வைத்தாள். “சாரம் வரட்டும், ஏத்துறோம்.”

“அவன் கால் வழுக்குனதுக்கு நானா பொறுப்பு? பீர் வாங்கிட்டு வந்திருக்கேன். நான் ஒண்ணும் கஞ்சன் இல்லியே.”

“பீர்ல இல்ல. சாரத்துலதான் கஞ்சத்தனம்.”

“ஏறாதவங்க நாளைக்கு வரவேணாம்.” கிராக் ஓடு வேய வந்த போலந்துக்காரன் பக்கம் திரும்பினார். “வித்தோல்ட், நீ ஏறு.”

வித்தோல்ட் ஏஜென்சி ஆள். ஒரு போன் போட்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் மாலையைப் பார்த்தான், சாரமில்லாத வெறும் சுவரைப் பார்த்தான்.

“வீட்டுல மூணு பேரு என்னய நம்பித்தான் இருக்காங்க முதலாளி. அதனாலதான் ஏறமாட்டேன்.”



இங்கெர் பையிலிருந்து வெர்னரின் கால்சட்டையை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் கத்தரியால் வெட்டிக் கழற்றியது. அதன் பையில் அவன் பென்சில் அப்படியே இருந்தது. நீளச் சட்டமொன்றின் நுனியில் கட்டினோம். யாரும் முகட்டில் ஏறவில்லை. பரணுக்குள் நின்றே, கைமரங்களுக்கு நடுவே மேலே நீட்டினோம்.

கீழே கிராக் கத்திக்கொண்டிருந்தார். போட்டோக்காரர் படமெடுத்துக்கொண்டிருந்தார். கடைவீதிச் சனங்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

நாளைக்கு எங்களில் எத்தனை பேருக்கு வேலை இருக்குமோ தெரியாது. விடியலிலிருந்து உழைத்த தோள் இற்றுப்போயிருந்தது. காற்று இழுத்தது, சட்டம் சாய்ந்தது. என் கைக்குக் கீழே வித்தோல்டின் கை வந்து பிடித்தது.

“விட்றாத” என்றான்.

நாங்கள் விடவில்லை.